இமேஜ் இறக்கும்போது டிஸ்க் காட்டவில்லையா? எனக்குத் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

பினாங்கில் அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் கணினி அமைத்துக் கொடுப்பதுதான் எனக்குத் தொழில். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த ஆதரவு முடிந்ததில்லையா, அதையொட்டி ஜார்ஜ்டவுனில் கணக்காளர் அலுவலகம், பிறையில் சின்னத் தொழிற்கூடம், பட்டர்வொர்த் பக்கம் தமிழ்ப்பள்ளிக் கணினி அறை என்று எல்லாரும் ஒரே சமயத்தில் மிஷின்களை மாற்ற ஆரம்பித்தார்கள். அன்றிலிருந்து என் வாட்ஸ்அப்பில் வரும் படம் பெரும்பாலும் ஒன்றுதான்: டிஸ்க் பட்டியல் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கும், கீழே "அக்கா, என்ன செய்யுறது?" என்று ஒரு வரி.

ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி எழுதி, இனி ஒரே இடத்தில் வைத்துவிடலாம் என்று தொகுத்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன். முதல் இரண்டு பதில்களை மட்டும் தாண்டிப் போகாதீர்கள், மற்றதெல்லாம் அவற்றின்மேல்தான் நிற்கிறது.

இமேஜ் இறக்குறதுன்னா விண்டோஸ் இன்ஸ்டால் பண்றதுதானே? எதுக்கு வேற பேரு?

இன்ஸ்டால் செய்வது என்றால் ஒவ்வொரு மிஷினிலும் விண்டோஸ் போட்டு, அப்புறம் ஆபீஸ், பிரிண்டர், தமிழ் எழுத்துரு, கணக்கு மென்பொருள் என்று ஒவ்வொன்றாகப் போடுவது. இமேஜ் முறையில் ஒரு மிஷினை முழுவதும் தயார் செய்து, அதை அப்படியே ஒரு கோப்பாகப் பிடித்து வைத்துக்கொண்டு, மீதி மிஷின்களில் அந்தக் கோப்பை இறக்குகிறோம். 30 மிஷின் உள்ள அறையை ஒரு நாளில் முடிக்க இதுதான் வழி.

இறக்குவதற்கு மிஷினை அதன் சொந்த விண்டோஸில் கிளப்ப முடியாது. பென்டிரைவிலிருந்தோ நெட்வொர்க்கிலிருந்தோ ஒரு குட்டி இயங்குதளம் வந்து நினைவகத்தில் உட்கார்ந்துகொள்ளும். மைக்ரோசாஃப்ட் வழியில் போனால் அது வின்பிஇ, க்ளோன்சில்லா போன்ற இமேஜ் கருவிகளில் அது லினக்ஸ். அந்தக் குட்டிக்குத் தன்னோடு கொண்டுவந்த டிரைவர்கள், அதாவது ஹார்ட்வேரோடு பேச உதவும் சிறு மென்பொருள்கள், மட்டுமே தெரியும். உங்கள் மிஷினில் நேற்றுவரை விண்டோஸ் நன்றாக ஓடியது என்பது அதற்குத் தெரியாது.

அக்கா, டிஸ்கே காட்டல. எஸ்எஸ்டி செத்துப் போச்சா? புதுசு வாங்கிடவா?

வாங்காதீர்கள். முதலில் டிஸ்க், அதாவது கோப்புகள் சேமிக்கப்படும் அந்த எஸ்எஸ்டி, யார் கண்ணுக்குத் தெரியவில்லை என்று கேளுங்கள். மூன்று பேர் அதைப் பார்க்க வேண்டும்: பயாஸ் (மிஷின் ஆன் ஆனதும் முதலில் ஓடும், போர்டிலேயே உள்ள மென்பொருள்) பார்க்க வேண்டும், இமேஜ் இறக்கும் குட்டி இயங்குதளம் பார்க்க வேண்டும், கடைசியில் இறக்கிய விண்டோஸ் முதல்முறை கிளம்பும்போது பார்க்க வேண்டும். பயாஸுக்கே தெரியவில்லை என்றால் பிரச்சினை பெரும்பாலும் இரும்பில், அதாவது ஹார்ட்வேரில். பயாஸுக்குத் தெரிந்து குட்டிக்குத் தெரியவில்லை என்றால் டிரைவர், அல்லது பயாஸில் உள்ள ஸ்டோரேஜ் மோடு (டிஸ்கோடு எந்த முறையில் பேசுவது என்ற அமைப்பு). இரண்டுக்கும் தெரிந்து இமேஜும் இறங்கியபின் விண்டோஸ் நீலத்திரை காட்டினால் டிரைவர் இமேஜுக்குள் இல்லை.

எனக்குப் படம் அனுப்புகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது பயாஸ் படத்தைத்தான். எஃப்2, எஃப்10, டெலீட், எது அந்த மிஷினுக்கு உரியதோ அதை அழுத்தி உள்ளே போய், எஸ்எஸ்டியின் மாடல் பெயர் எங்காவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு நிமிட வேலை. இதைச் செய்யாமல் நல்ல எஸ்எஸ்டியைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதியதற்குப் பணம் கொடுத்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். புதியதும் அதே மாதிரிதான் காட்டாமல் இருந்தது.

பயாஸ்லயும் இல்ல. இப்ப என்ன?

மின்சாரத்தைத் துண்டியுங்கள். மடிக்கணினி என்றால் பேட்டரி இணைப்பையும் கழற்றிவிட்டு எஸ்எஸ்டியை எடுத்து மறுபடி செருகுங்கள். பட்டை வடிவத்தில் இருக்கும் எம்.2 எஸ்எஸ்டி சாய்வாக உள்ளே போகும், அப்புறம் கீழே அழுத்தித் திருகு போட வேண்டும். திருகு தொலைந்துபோய் டேப் ஒட்டி வைத்த மிஷின்களைப் பார்த்திருக்கிறேன்; சூட்டில் டேப் நெகிழ்ந்து எஸ்எஸ்டி ஒரு ஓரம் தூக்கிக்கொள்ளும், கண்ணுக்குச் செருகினாற்போலத்தான் இருக்கும். விரல் நுனியால் மெதுவாக அழுத்திப் பார்த்தால் ஆடுவது தெரியும். பழைய மேசைக் கணினி என்றால் டிஸ்கைப் போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் இணைப்பு முனைகள் கறுத்துப் போவது சாதாரணம்.

இன்னொன்று, பலரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். எம்.2 என்பது வடிவத்தின் பெயர்தான். அதே வடிவத்தில் பழைய இணைப்பு முறையான சாட்டா எஸ்எஸ்டியும் உண்டு, புதிய, வேகமான முறையான என்விஎம்இ எஸ்எஸ்டியும் உண்டு. சில போர்டுகளில் அந்த இடம் ஒன்றை மட்டுமே ஏற்கும். முனையில் இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா, ஒரே வெட்டு என்றால் பெரும்பாலும் என்விஎம்இ. ஆனாலும் லேபிளைப் படித்து உறுதி செய்துகொள்ளுங்கள். மலிவாகக் கிடைத்ததென்று சாட்டா வகையை வாங்கி, என்விஎம்இ மட்டும் ஏற்கும் இடத்தில் செருகினால் அது எந்தக் காலத்திலும் காட்டாது. இரண்டுமே பழுதில்லை, ஜோடிதான் சேரவில்லை.

பயாஸ்ல எஸ்எஸ்டி பேரு அழகா தெரியுது. ஆனா விண்டோஸ் செட்டப்ல ஒண்ணுமே இல்ல. எப்படி?

எனக்கு வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் இதுதான். இன்டெல் 11-ஆம் தலைமுறை மடிக்கணினிகளிலிருந்து விஎம்டி என்ற ஒரு கன்ட்ரோலரை முன்னால் நிறுத்தி, அதன் பின்னால் என்விஎம்இ எஸ்எஸ்டியை வைக்கும் வழக்கம் பரவலானது. பல மிஷின்களில் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே விஎம்டி ஆனில் இருக்கும். வீட்டுக்கு முன்னால் பூட்டிய கேட் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். வீடு உள்ளேதான் இருக்கிறது, கேட்டின் சாவி இருந்தால்தான் போக முடியும். அந்தச் சாவிதான் இன்டெல் ஆர்எஸ்டி டிரைவர். மிஷினோடு வந்த விண்டோஸில் அது இருந்தது, உங்கள் பென்டிரைவில் இல்லை. பயாஸ் கேட்டுக்கு உள்பக்கம் நிற்கிறது, அதனால் அதற்குத் தெரிகிறது.

இந்த மிஷின்களுக்குச் சில்லு செய்யும் இன்டெல் 1972-லேயே பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை திறந்தது. அங்கே வேலை பார்த்த குடும்பங்களின் பிள்ளைகளே என்னிடம் இந்தக் கேள்வியோடு வருகிறார்கள், அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகவே விளக்குவேன்.

தீர்வு இரண்டு: பயாஸில் விஎம்டியை அணைப்பது, அல்லது டிரைவரைக் கொடுப்பது. எது எப்போது என்பது அடுத்த கேள்வியில்.

அப்போ விஎம்டியை ஆஃப் பண்ணிட்டா வேலை முடிஞ்சுதே, எதுக்கு டிரைவர் தேடணும்?

மிஷினில் உள்ள எதுவும் தேவையில்லை, சுத்தமாகத் துடைத்து இறக்கப்போகிறீர்கள், ஒரே எஸ்எஸ்டிதான் என்றால் தாராளமாக அணைக்கலாம். விண்டோஸ் 8.1 முதல் என்விஎம்இ டிரைவர் விண்டோஸுக்குள்ளேயே உண்டு, அது போதும். அன்றாட வேலையில் வேகம் குறைந்ததாக நீங்கள் உணரப்போவதில்லை. ஒன்றிரண்டு மிஷின் என்றால் நானே அப்படித்தான் செய்வேன்.

ஆனால் ஏற்கெனவே உள்ள விண்டோஸ் தேவை என்றால் அணைக்காதீர்கள், அது கிளம்பாது (எப்படி மாற்றுவது என்று கீழே ஒரு கேள்வி இருக்கிறது). இரண்டு எஸ்எஸ்டியை ரெய்டில், அதாவது ஒரே டிஸ்க்போலச் சேர்த்து, கட்டியிருந்தாலும் கை வைக்காதீர்கள். 30 மிஷினிலும் ஒவ்வொன்றாக பயாஸுக்குள் போய் மாற்றுவதும் நல்ல யோசனையில்லை. நாளைக்கு யாராவது பயாஸை ரீசெட் செய்தால் அந்த மிஷின் மட்டும் கிளம்பாமல் நிற்கும், காரணம் யாருக்கும் ஞாபகமிருக்காது.

அணைக்கும் இடம் பயாஸில் எங்கே இருக்கும் என்றால், டெல்லில் ஸ்டோரேஜ் அல்லது சாட்டா ஆபரேஷன் என்ற பகுதியில் "ரெய்டு ஆன்" என்றிருக்கும், அதை ரெய்டு இல்லாத சாதாரண முறையான ஏஹெச்சிஐ பக்கம் மாற்ற வேண்டும். ஏசூஸில் அட்வான்ஸ்டு பகுதிக்குள் விஎம்டி என்றே இருக்கும். ஏசரில்தான் பலர் தேடித் தேடி அலுத்துப்போவார்கள்: பல மாடல்களில் மெயின் பக்கத்தில் நின்றுகொண்டு கன்ட்ரோலையும் எஸ்ஸையும் சேர்த்து அழுத்தினால்தான் அந்த வரியே வெளியே வரும்.

இன்டெல் தளத்துல ஒரே ஒரு இஎக்ஸ்இ தான் இருக்கு. பென்டிரைவ்ல போட்டு லோட் டிரைவர் கொடுத்தா எதுவுமே இல்லைங்குது.

விண்டோஸ் செட்டப்பில் டிரைவரைக் கொடுக்கும் பொத்தானான லோட் டிரைவர் தேடுவது ஐஎன்எஃப் என்று முடியும் கோப்பை. இஎக்ஸ்இ உள்ளே இருக்கும் பொட்டலத்தை அது பிரித்துப் பார்க்காது. வேறொரு விண்டோஸ் மிஷினில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, அந்த செட்டப்ஆர்எஸ்டி கோப்பின் பெயருக்குப் பின்னால் ஒரு சிறு கோடு போட்டு "எக்ஸ்ட்ராக்ட்டிரைவர்ஸ்" என்று ஒரே சொல்லாக எழுதி, எந்த ஃபோல்டருக்குள் பிரிக்க வேண்டுமோ அதைக் கொடுங்கள். உள்ளே இருப்பதெல்லாம் பிரிந்து வரும். அதில் ஐஏஸ்டோர்விடி என்று இருப்பது விஎம்டிக்கு, ஐஏஸ்டோர்ஏசி என்று இருப்பது விஎம்டி இல்லாத பழைய ரெய்டு மோடுக்கு. ஒன்றுக்கு மற்றதைக் கொடுத்தால் ஏற்காது.

இதைவிட எளிய வழி ஒன்று உண்டு, அதைச் செய்கிறவர்கள் குறைவு. மிஷினில் பழைய விண்டோஸ் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே, துடைப்பதற்கு முன், விண்டோஸோடு வரும் டிஸம் கட்டளையில் எக்ஸ்போர்ட் டிரைவர் கொடுத்து அதில் உள்ள டிரைவர்களை ஒரு பென்டிரைவில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நேற்றுவரை அந்த மிஷினை ஓட்டிய அதே டிரைவர் உங்கள் கையில் இருக்கும். டிவைஸ் மேனேஜரில் ஸ்டோரேஜ் கன்ட்ரோலரின் ஹார்ட்வேர் ஐடியையும் ஒரு படம் பிடித்துக்கொள்ளுங்கள், பின்னால் சரியான ஐஎன்எஃப் எது என்று ஒப்பிட உதவும்.

30 மிஷினுக்கும் பென்டிரைவை மாத்தி மாத்தி லோட் டிரைவர் அழுத்திட்டே இருக்கவா?

வேண்டாம். வின்பிஇக்குள்ளேயே டிரைவரைப் புகுத்திவிடுங்கள். வின்பிஇ அடங்கிய பூட்.விம் என்ற கோப்பை டிஸம் கொண்டு ஒரு காலி ஃபோல்டரில் மவுன்ட் செய்து (அதாவது திறந்து வைத்து), ஆட் டிரைவர் கொடுத்து, அன்மவுன்ட் செய்யும்போது, மாற்றத்தைச் சேமிக்கச் சொல்லும் கமிட் கொடுக்க வேண்டும். கமிட் கொடுக்க மறந்தால் செய்ததெல்லாம் வீண்.

விண்டோஸ் இன்ஸ்டால் பென்டிரைவின் பூட்.விம்மில் இரண்டு இன்டெக்ஸ், அதாவது இரண்டு தனிப் பகுதிகள், உண்டு. 1 வெறும் வின்பிஇ, 2-தான் செட்டப் ஓடும் இடம். ஒன்றில் மட்டும் புகுத்திவிட்டு "போட்டேன், வேலை செய்யல" என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் 2-ஐ விட்டவர்கள். இரண்டிலும் போடுங்கள்.

ஒரு வேண்டுகோள்: கையில் உள்ள எல்லா டிரைவரையும் பூட்.விம்முக்குள் கொட்டாதீர்கள். குட்டிக்குத் தேவை ஸ்டோரேஜும் நெட்வொர்க்கும் மட்டும்தான். ஒலி, கிராஃபிக்ஸ், கைரேகை எல்லாம் இறக்கும் விண்டோஸுக்குப் போக வேண்டியவை. கொட்டிவிட்டால் கோப்பு பெருத்து, பூட் ஆக நேரமெடுத்து, ஒரே கன்ட்ரோலருக்கு மூன்று பதிப்பு டிரைவர் மோதி, எது பிரச்சினை என்றே தெரியாமல் போகும்.

அவசரத்துக்கு ஒரே மிஷினில் சோதிக்க வேண்டுமானால் விண்டோஸ் செட்டப் திரையில் ஷிஃப்டும் எஃப்10-உம் அழுத்திக் கறுப்புத் திரையைத் திறந்து, டிஆர்விலோட் கட்டளைக்குப் பின்னால் அந்த ஐஎன்எஃப் கோப்பின் இடத்தைக் கொடுங்கள். அப்புறம் டிஸ்குகளைக் கையாளும் டிஸ்க்பார்ட் கருவிக்குள் போய் ரீஸ்கேன், பிறகு லிஸ்ட் டிஸ்க். பட்டியலில் ஒரு வரி வந்துவிட்டால் சரியான டிரைவர் அதுதான், இனி அதைத் தைரியமாகப் புகுத்தலாம். நான் எப்போதும் இப்படிச் சோதித்த பிறகே பூட்.விம்மைத் தொடுவேன்.

எல்லாம் சொன்ன மாதிரியே செஞ்சேன், அப்பவும் காட்டல.

நீங்கள் மாற்றிய பூட்.விம்தான் உண்மையில் கிளம்புகிறதா? சர்வரில் உள்ள கோப்பை மாற்றியிருப்பீர்கள், கையில் இருப்பது போன மாதம் செய்த பென்டிரைவ். அல்லது மைக்ரோசாஃப்டின் இமேஜ் இறக்கும் கருவியான எம்டிடியில் டிரைவரைச் சேர்த்துவிட்டு டெப்ளாய்மென்ட் ஷேரை அப்டேட் செய்ய மறந்திருப்பீர்கள். அல்லது அப்டேட்டும் செய்து, நெட்வொர்க் பூட்டுக்கான சர்வரில் புதிய கோப்பை மாற்றாமல் விட்டிருப்பீர்கள். ஒரு அலுவலகத்தில் இரவு எட்டு மணிவரை இதற்காக உட்கார்ந்திருந்தோம். மூன்று பென்டிரைவ், மூன்றும் ஒரே நிறம், பழையதையே திரும்பத் திரும்பச் செருகிக்கொண்டிருந்தோம். அன்றிலிருந்து வின்பிஇயின் பின்புலப் படத்தில் உருவாக்கிய தேதியைப் பெரிதாக எழுதி வைக்கிறேன். திரையைப் பார்த்ததுமே எது ஓடுகிறது என்று தெரிந்துவிடும்.

எம்டிடியில் 7711 என்ற எண்ணோடு டிஸ்க் இன்டெக்ஸ் 0-ஐக் காணவில்லை என்று செய்தி வந்தால் அதுவும் இதே கதைதான்: குட்டிக்கு டிஸ்க் தெரியவில்லை.

இமேஜ் 100 விழுக்காடு இறங்கிடுச்சு. ரீஸ்டார்ட் ஆனதும் நீலத்திரை, இன்ஆக்ஸசிபிள் பூட் டிவைஸ்னு வருது.

இரண்டாவது பதிலில் சொன்ன மூன்றாவது ஆள் இவர். வின்பிஇக்கு டிரைவர் கொடுத்தீர்கள், அது டிஸ்கைப் பார்த்து எழுதிவிட்டது. ஆனால் எழுதப்பட்ட விண்டோஸுக்குள் அந்த டிரைவர் இல்லை, அது கிளம்பித் தன் டிஸ்கையே தேடி நிற்கிறது. இமேஜ் இறங்கியபின், ரீஸ்டார்ட்டுக்கு முன், வின்பிஇயிலிருந்தபடியே டிஸம் கட்டளையில் இறக்கிய பார்ட்டிஷனைக் காட்டி அதே ஐஎன்எஃப்பை ஆட் டிரைவர் கொடுங்கள். ரீஸ்டார்ட் ஆகிவிட்டாலும் பரவாயில்லை, பென்டிரைவில் மறுபடி கிளப்பி அதையே செய்யலாம், திரும்ப இறக்க வேண்டியதில்லை.

ரெய்டு மோடுல விண்டோஸ் ஓடிட்டு இருக்கு. உள்ள இருக்கிறது அழியாம ஏஹெச்சிஐக்கு மாத்த முடியுமா?

முடியும், வரிசை தவறக்கூடாது. முதலில் டிஸ்கில் உள்ளதைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் ஆனில் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் தற்காலிகமாக நிறுத்தி வையுங்கள், ரெக்கவரி கீயையும் வேறிடத்தில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பயாஸில் கை வைத்ததும் பிட்லாக்கர் 48 இலக்கக் கீயைக் கேட்கும். கீ இல்லை என்றால் உள்ளே இருப்பது போனதுதான், அதில் என்னால் மட்டுமில்லை, யாராலும் உதவ முடியாது.

பிறகு விண்டோஸ் அடுத்தமுறை சேஃப் மோடில் கிளம்பும்படி வையுங்கள். எம்எஸ்கான்ஃபிக்கில் பூட் பக்கத்தில் சேஃப் பூட் என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும். ரீஸ்டார்ட் செய்து நேரே பயாஸுக்குள் போய் மோடை மாற்றிச் சேமியுங்கள். சேஃப் மோடில் கிளம்பும்போது விண்டோஸ் புதிய கன்ட்ரோலருக்கு உரிய டிரைவரைத் தானே இயக்கிக்கொள்ளும். அப்புறம் அந்த சேஃப் பூட் குறியை எடுத்துவிட்டு மறுபடி ரீஸ்டார்ட். விஎம்டியை அணைப்பதற்கும் இதே முறைதான்.

விண்டோஸ் செட்டப்ல காட்டுது, க்ளோன்சில்லால மட்டும் காட்டல. இது என்ன நியாயம்?

லினக்ஸுக்கு விஎம்டி டிரைவர் கெர்னலுக்குள்ளேயே, அதாவது அதன் மையப்பகுதியிலேயே, உண்டு. அதனால் புதிய க்ளோன்சில்லாவில் விஎம்டி ஆனில் இருந்தாலும் பெரும்பாலும் காட்டிவிடும். காட்டவில்லை என்றால் முதலில் உங்கள் க்ளோன்சில்லா எந்த வருடத்தியது என்று பாருங்கள். ஐந்தாறு வருடத்துக்கு முன் செய்த பென்டிரைவை இன்னும் வைத்திருப்பவர்கள் நிறைய.

11-ஆம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் மிஷினில் ரெய்டு மோடு ஆனில் இருந்தால் கதை வேறு. அங்கே என்விஎம்இ எஸ்எஸ்டியை சாட்டா கன்ட்ரோலருக்குள் மறைத்து வைத்துவிடுவார்கள். லினக்ஸால் அதை எடுக்க முடியாது, ஆனால் மறைந்திருப்பது அதற்குத் தெரியும். கமாண்ட் லைனுக்குப் போய், கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெஸேஜ் பார்த்தால் "ரீமேப்டு என்விஎம்இ" ஒன்று இருக்கிறது, பயாஸை ரெய்டிலிருந்து ஏஹெச்சிஐக்கு மாற்று என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கும். இந்த ஒரு வரியைப் பார்த்திருந்தால் எத்தனையோ பேருக்குப் பாதி நாள் மிச்சமாகியிருக்கும்.

ஸ்கிரிப்ட்ல டிஸ்க் 0-ன்னு எழுதியிருக்கோம். எப்பவும் அதுதானே முதல் டிஸ்க்?

இல்லை. இதை நான் வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். ஒரு தமிழ்ப்பள்ளிக் கணினி அறையில், ஆசிரியர் மேசை மிஷினில் மட்டும் எஸ்எஸ்டியோடு பழைய ஹார்ட்டிஸ்க்கும் இருந்தது. மாணவர் மிஷின்களுக்கு எழுதிய அதே ஸ்கிரிப்ட்டை அதிலும் ஓட்டினேன். அங்கே டிஸ்க் 0 என்று வந்தது ஹார்ட்டிஸ்க். டிஸ்கைத் துடைக்கும் கிளீன் கட்டளை ஒரு நொடிகூட எடுக்கவில்லை. ஏழு வருடக் கேள்வித்தாள்கள், பயிற்சித் தாள்கள், விளையாட்டு விழாப் படங்கள். டீச்சர் என்னைத் திட்டவில்லை, "எல்லாமேவாம்மா?" என்று மட்டும் கேட்டார். அதற்கு மேல் எதுவும் எழுதப்படாமல் இருந்ததால் மீட்பு மென்பொருளால் பெரும்பகுதி திரும்பக் கிடைத்தது, பெயர்கள் எல்லாம் போய்விட்டிருந்தன.

எண் என்பது அந்த நிமிடம் வின்பிஇ கண்டுபிடித்த வரிசை, அவ்வளவுதான். கார்டு ரீடர், பென்டிரைவ், இரண்டாவது டிஸ்க் எல்லாம் அதை மாற்றும். டிஸ்க்பார்ட்டில் செலக்ட் கொடுத்தபின் டீடெய்ல் டிஸ்க் கொடுங்கள். மாடல் பெயரும் என்விஎம்இயா சாட்டாவா யூஎஸ்பியா என்பதும் தெரியும். ஸ்கிரிப்ட் என்றால் வகையையும் அளவையும் பார்த்துத் தேர்ந்தெடுக்கும்படி எழுதுங்கள், சந்தேகம் வந்தால் நின்று கேட்கும்படியும் எழுதுங்கள். நான் இப்போது இரண்டாவது டிஸ்க் இருந்தால் அதன் கேபிளைக் கழற்றிவிட்டுத்தான் தொடங்குகிறேன்.

டிஸ்க் தெரியுது, ஆனா ஆஃப்லைன்னு இருக்கு. எழுத விடல.

டிஸ்க்பார்ட்டில் அந்த டிஸ்கைத் தேர்ந்தெடுத்து ஆன்லைன் டிஸ்க் கொடுங்கள், பிறகு ஆட்ரிபியூட்ஸ் டிஸ்க் கிளியர் ரீட்ஒன்லி. அதற்கும் மசியாமல் மறுபடி ரீட்ஒன்லிக்கே திரும்பினால் எஸ்எஸ்டி ஆயுள் முடிந்து தன்னைப் பூட்டிக்கொண்டிருக்கலாம். சில எஸ்எஸ்டிகள் கடைசிக் கட்டத்தில் படிக்க மட்டும் விடும். உள்ளதை உடனே வெளியே எடுங்கள்.

ரெண்டுமே 256 தான். ஆனா டிஸ்க் சின்னதா இருக்கு, இமேஜ் போகாதுங்குது.

உண்மையில் இரண்டுமே 256-தானா? கடையில் 240, 250, 256 மூன்றும் ஒரே விலைக்கட்டில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். விண்டோஸ் காட்டும் கணக்கில் அவை சுமார் 223, 232, 238 ஜிபி. 256-இல் பிடித்த க்ளோன்சில்லா இமேஜை 240-இல் இறக்கப் போனால், உள்ளே 60 ஜிபிதான் இருந்தாலும் அது மறுக்கும், ஏனென்றால் பார்ட்டிஷன் அட்டவணையை அப்படியே போடப் பார்க்கிறது. இமேஜ் பிடிப்பதற்கு முன் மூல மிஷினில் சி பார்ட்டிஷனைச் சுருக்கிவிடுங்கள். இறக்கும்போது நிபுணர் முறையில் டிஸ்க் அளவைச் சரிபார்க்காதே என்பதையும், அட்டவணையை விகிதப்படி உருவாக்கு என்பதையும் தேர்ந்தெடுங்கள். மைக்ரோசாஃப்ட் வழியின் விம் கோப்பு முறையில் இந்தத் தொல்லையே இல்லை, அது கோப்புகளைத்தான் எழுதுகிறது.

ஒரே மாடல் 20 மிஷின். 19 ஓகே. ஒண்ணு மட்டும் டிஸ்க் காட்ட மாட்டேங்குது.

அந்த ஒன்றின் பயாஸில் தேதியைப் பாருங்கள். பல வருடம் பின்னால் போயிருந்தால் போர்டில் உள்ள காசு வடிவ பேட்டரி, சிஆர்2032, தீர்ந்துவிட்டது. மின்சாரம் போனதும் பயாஸ் தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பி, நீங்கள் ஏஹெச்சிஐ என்று வைத்தது மறுபடி ரெய்டு ஆகியிருக்கும். சில ரிங்கிட்டில் தீர்கிற விஷயம். பேட்டரியை மாற்றி, மோடைச் சரிசெய்யுங்கள்.

தேதி சரியாக இருந்தால் பயாஸ் பதிப்பை மற்ற 19-உடன் ஒப்பிடுங்கள். அதுவும் ஒன்றுதான் என்றால் உள்ளே ஹார்ட்டிஸ்கை வேகப்படுத்தும் இன்டெல் ஆப்டேன் துண்டு ஏதாவது இருக்கிறதா என்று திறந்து பாருங்கள். சில காலம் 16 ஜிபி, 32 ஜிபி ஆப்டேனை ஹார்ட்டிஸ்க்கோடு ஜோடி சேர்த்து விற்றார்கள். அந்த ஜோடியைப் பழைய விண்டோஸிலேயே பிரித்துவிட்டுத்தான் இமேஜ் இறக்க வேண்டும்.

ஏஎம்டி மிஷினுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

விஎம்டி கிடையாது, அதனால் பெரும்பாலும் நேராகவே காட்டும். பயாஸில் ரெய்டை ஆன் செய்திருந்தால் மட்டும் ஏஎம்டியின் ரெய்டு டிரைவர் தேவை. அதைத் தரவிறக்கும்போது ஆர்சிபாட்டம், ஆர்சிரெய்டு என்று ஒன்றுக்கு மேல் இருக்கும், வரிசையாக எல்லாவற்றையும் கொடுக்க வேண்டும். ஒன்று மட்டும் போதாது.

"மீடியா டிரைவர் இல்லை"ன்னு வருது. அதுவும் விஎம்டி தானா?

பெரும்பாலும் இல்லை. அந்தச் செய்தி எஸ்எஸ்டியைப் பற்றியது என்று நினைத்து மணிக்கணக்கில் ஸ்டோரேஜ் டிரைவர் தேடுவார்கள். செட்டப் அங்கே தேடுவது தான் கிளம்பிவந்த பென்டிரைவைத்தான். பென்டிரைவை வேறு யூஎஸ்பி துளையில், முடிந்தால் பழைய யூஎஸ்பி 2 துளையில் செருகுங்கள். அப்படியும் வந்தால் ஐஎஸ்ஓவை (விண்டோஸ் இன்ஸ்டால் கோப்பை) மறுபடி தரவிறக்கிப் புதிதாக எழுதுங்கள், பாதி இறங்கிய கோப்பாக இருக்கலாம்.

முதல்ல காட்டுது, இமேஜ் 40 விழுக்காடு போனதும் டிஸ்க் காணாம போயிடுது. திரும்ப ஆன் பண்ணா மறுபடி இருக்கு.

டிரைவர் பிரச்சினை பாதியில் வராது, முதலிலேயே வரும். பாதியில் காணாமல் போவது சூடு, மின்சாரம், அல்லது சாகக்கிடக்கும் டிஸ்க். தொடர்ந்து எழுதும்போது என்விஎம்இ எஸ்எஸ்டி நன்றாகச் சூடேறும். ஏசி இல்லாத அறையில், மூடிய மடிக்கணினியில், ஒரு மிஷினை இன்னொன்றின்மேல் அடுக்கி இறக்கினால் இன்னும் மோசம். மடிக்கணினிகளைப் பரப்பி வைத்து, சார்ஜரில் மாட்டி, ஒரு மேசை விசிறியைத் திருப்பிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். நான் ஒரு பள்ளியில் இதை மட்டும் செய்து ஆறு மிஷினை மீட்டேன்.

அப்படியும் அதே மிஷினில் போய்விட்டால் எஸ்எஸ்டியைக் கழற்றி, ஓடும் மிஷின் ஒன்றில் செருகிப் பாருங்கள். அங்கேயும் போனால் எஸ்எஸ்டி, அங்கே நன்றாக இருந்தால் முதல் மிஷினின் போர்டு அல்லது சார்ஜர். டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் விவரத்தில் மீடியா எர்ரர் எண் ஏறிக்கொண்டே போகிறதா என்றும் பாருங்கள். ஏறினால் அதில் இன்னொரு முறை இமேஜ் இறக்கிப் பார்ப்பதில் அர்த்தமில்லை, உள்ளே யாருடைய கோப்பாவது இருந்தால் முதலில் அதை எடுங்கள். படம் அனுப்புகிறவர்கள் பயாஸ் படம், டிஸ்க்பார்ட் படம், மிஷினின் அடியில் உள்ள மாடல் ஸ்டிக்கர் மூன்றையும் சேர்த்து அனுப்பினால் அன்றே பதில் சொல்லிவிடுவேன்.